எர்த் ஒயருக்கு அடியில் நீலப் பெயிண்ட்

மழைக்காலத்துக்கு முன்னால் கண்ணில் படுகிற இரும்புக்கெல்லாம் பெயிண்ட் அடித்துவிடுவது எங்கள் காசிமேட்டுப் பழக்கம். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. அப்பாவின் படகுக்கு வாங்கிய நீலப் பெயிண்ட் கால் டப்பா மீந்திருந்தது. என் பழைய டீசல் காரின் பானெட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றினேன். அதன் எர்த் ஒயரை பாடியோடு பிடித்திருந்த போல்ட்டையும் கழற்றி, துருவைச் சுரண்டி, இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு மாட்டினேன். வேலை சுத்தம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் நானும் மனைவியும் மகளும் எண்ணூரில் உள்ள மாமியார் வீட்டுக்குக் கிளம்பினோம். ஸ்டார்ட் ஆகும்போது வண்டி முனகியது. கிழட்டு வண்டி, முனகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள், ஊர்ந்துதான் போக முடிந்தது. இருட்டத் தொடங்கியதும் லைட்டைப் போட்டேன். ஹெட்லைட் மஞ்சளாக மங்கியது, கூடவே இன்ஜினும் சோர்ந்தது. எவ்வளவு மிதித்தும் இழுக்கவில்லை. லைட்டை அணைத்தேன், வண்டிக்கு உயிர் வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி திணறியது. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று புரிந்தது. ஒதுங்கி நிற்கவும் வழியில்லை, ஓரமெல்லாம் லாரிகள் வரிசை கட்டி நின்றன. நடுரோட்டில் நின்றுபோனால் பின்னால் வருகிற டிரைலர்காரனுக்கு நாங்கள் தெரியவே மாட்டோம்.

லைட்டை அணைத்தே ஓட்டினேன். பின்சீட்டில் இருந்த மனைவி, தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயது மகளை இரண்டு சீட்டுக்கும் நடுவே தூக்கி, என் பக்கத்து சீட்டில் கிடத்தி பெல்ட்டை மாட்டினாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன், பிள்ளையைக்கூட உன்னால் பார்த்துக்கொள்ள முடியாதா என்று கத்தினேன். அவள் கண்ணாடியை இறக்கி, செல்போன் டார்ச்சைப் போட்டு, மழையில் கையை நீட்டிப் பின்பக்கமாக ஆட்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு ஹாரனுக்கும் நான் பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தேன். திருவொற்றியூரில் ஒரு பெட்ரோல் பங்குக்குள் வண்டியை விட்டேன்.

மறுநாள் மெக்கானிக் அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, இத்த படகுன்னு நெனச்சிக்கினியா? எர்த்து எங்க பாடியத் தொடுது?"

பெயிண்ட் தடுத்ததில் பேட்டரியின் கரண்ட் சரியாகப் போகவில்லை. ஊர்கிற வண்டியில் டைனமோ தந்த கொஞ்சத்தையும் லைட்டும் வைப்பரும் இழுத்துக்கொள்ள, டீசலைத் திறந்துவிடும் வால்வுக்குப் போதவில்லை என்றார். உப்புத்தாளால் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தேய்த்தார். தகரம் பளிச்சென்று தெரிந்தது. லைட் எரிந்தது, இன்ஜின் அசரவில்லை.

வீட்டுக்கு வந்து, தப்பு என் கையால்தான் நடந்தது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பாப்பா விஷயத்தில் கத்தியிருக்கக் கூடாது என்றேன்.

"பின்னால லாரி வந்து இட்ச்சா என்னோட போவட்டும்னுதான் பாப்பாவ முன்னால வுட்டேன்" என்றாள்.