கண்டத்தில் வந்த போன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைதான் படித்தேன். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி மாதம் ஆரணியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பரணைச் சுத்தம் செய்தபோது பழைய கறுப்பு போன் ஒன்று அகப்பட்டது. விரலை விட்டுச் சுற்றுகிற வகை. என் வீட்டுக்காரர் டெலிபோன் ஆபீசில் லைன்மேனாக இருந்தவர். மகன் ஒன்றாவது படித்த வருஷம் அதைத் துணிப்பையில் கொண்டுவந்தார். எங்கிருந்து என்று கேட்டதற்கு, "கண்டத்துல வந்ததுடி" என்று சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உயிருக்கு ஏதோ கண்டம்போல என்று கற்பூரம் சுற்றிக் கொளுத்திவிட்டு, போனைப் பரணில் ஏற்றிவிட்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது.

மகன் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினான். பழைய போன்களைச் சேர்த்துவைக்கிற ஒருவர் வேலூரிலிருந்து வந்தார். போனைக் கவிழ்த்து அடித்தகட்டைச் செல்போனில் படம் பிடித்தார். தகட்டில் குத்தியிருந்த 67 அது செய்த வருஷமாம். காதில் வைக்கிற பாகத்தின் மூடியைத் திருகினார். உள்ளே 74. ரிப்பேரில் அதை மட்டும் மாற்றியிருப்பார்கள் என்றார். நானும் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கவர்மெண்ட் சொத்துன்னு போட்டுகீது மா. வீட்டுக்கு எப்படி வந்துச்சி?" என்றார்.

"எங்கப்பா அட்ச்சிகினு வந்துட்டாரு போல" என்று மகன் சிரித்தான்.

வந்தவர் சிரிக்கவில்லை. "அப்படின்னா நான் தொட மாட்டேன் பா. இங்க செவப்பு பெயிண்ட்டுல இன்னாவோ எழுதிகீது, மங்கிப்போச்சி. விசாரிச்சிட்டு சொல்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

மகனுக்கு விளையாட்டு. எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தவர் வீட்டு ஆணியைக்கூடத் தொடாத மனுஷர் என்று தெருவே சொல்லும். ஆனால் கண்டத்தில் வந்தது என்றாரே. மாட்டினால் வேலைக்கே கண்டம் என்று தெரிந்துதான் எடுத்துவந்தாரோ?

மறுநாள் மகன் தறிக்குப் போனதும், போனைப் புழக்கடைக்குக் கொண்டுபோய்க் கம்பி நாரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்தேன். பக்கத்து வீட்டுக் கதவு சத்தம் கேட்டாலே முந்தானையால் மூடுவேன். கவர்மெண்ட் சொத்து என்று குத்திய எழுத்து அசையவே இல்லை. சிவப்பு பெயிண்ட் மட்டும் மொத்தமும் போய்விட்டது.

மூன்றாம் நாள் வேலூர்க்காரர் போனில் கூப்பிட்டார். மகன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அந்த செவப்பு எழுத்த பெருசு பண்ணி பாத்தேன் மா. கண்டம்னு இங்கிலீசுல சுருக்கி எழுதி, 86ன்னு வருஷம் போட்டுகீது."

"யாருக்கு பா கண்டம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "ஆளுக்கு இல்ல மா, போனுக்கு. இனிமே உதவாதுன்னு ஆபீசுல கழிச்சி கட்றதுக்கு இங்கிலீசுல கண்டெம்னு பேரு, அதத்தான் கண்டம் பண்றதுன்னு சொல்லுவாங்க. அப்புறம் ஏலம் வுடுவாங்க. உங்க ஊட்டுக்காரரு அதுல எடுத்துகீறாரு. அந்த எழுத்துதான் சாட்சி, பத்திரமா வெச்சிக்கோங்க."

அந்தச் சாட்சியைத்தான் நான் தேய்த்துத் தண்ணீரில் விட்டிருந்தேன். அவர் அன்று சிரித்துச் சொன்னதையும் நான் தேய்த்ததையும் அழுதுகொண்டே சொன்னேன். மகன் திட்டவில்லை. "அப்பா அன்னிக்கி எதுக்கு சிரிச்சாருன்னு இப்பதான் புரியுதா உனக்கு?" என்றான். நல்லவேளை, வந்தவர் பிடித்த படம் இருந்தது. அதை அனுப்பிவைத்தார். போனை நாங்கள் கொடுக்கவில்லை.

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்கப் பயந்து, கூடவே வாழ்ந்த மனுஷரை மூன்று நாள் திருடனாக நினைத்துவிட்டேன். பளபளவென்று கிடக்கும் அந்தத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு சுருக்கென்கிறது. 67, 74, 86 என்று நான் எழுதியதும், அவற்றுக்குச் சொன்ன விவரமும் சரிதானா தெரியவில்லை. பழைய போன் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். இந்த முறை கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.