சுயம்புவுக்குச் சேர் பிணங்கிய கதை

ஜான்ரோசைச் சபை இரண்டு தடவை திருவிருந்துக்கு வெளியே நிறுத்தியது. இரண்டாவது தடவை நிறுத்தியதில் அவனுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆமாம், செய்தேன் என்று கைகட்டி நின்றான். முதல் தடவைதான் இன்றுவரை ஆறவில்லை. செய்யாத காரியத்துக்கு அப்பமும் ரசமும் இல்லாமல் போயிற்று. அதைக்கூடப் பொறுக்கலாம். அந்தக் காரியமே பொய் என்று தெரிந்த ஒருத்தன் பக்கத்தில் இருந்தும் வாய் திறக்கவில்லை. அந்த ஒருத்தன் சுயம்பு.

சுயம்புவும் ஜான்ரோசும் மரம் அறுக்கும் ஒரே வாளின் இரண்டு பிடி. திருவட்டாற்றுப் பக்கம் அன்றைக்கு மில் ஏது? வீட்டுக்கு நிலை, கதவு, கடலில் போகும் வள்ளத்துக்குப் பலகை, எல்லாம் ஆள்தான் அறுக்க வேண்டும். ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, மேலே குறுக்கே மரத்தடியைத் தூக்கிவைத்து, கரிநூல் அடித்துக் கோடு போடுவார்கள். தடியின்மேல் ஏறி நின்று கோடு பார்ப்பவன் ஜான்ரோஸ். குழிக்குள் நின்று இழுப்பவன் சுயம்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் மரப்பொடி கொட்டுவது கீழே நிற்பவன் தலையில். கமுகம்பாளைத் தொப்பி போட்டுக்கொண்டு கண்ணை இடுக்கி இழுப்பான். ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"மேல நிக்கியவன் காத்து வாங்குகான். எனக்கு நாள் முழுக்க அவலு தூவுகான். ஒரு துண்டு கருப்பட்டியும் சேத்துப் போடுலே, தின்னுட்டாவது சாவுகேன்."

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருசம், மாசி மாதத்தில் ஒரு நாள், சுயம்புவின் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. கழுத்தெல்லாம் தடிப்புத் தடிப்பாய்ச் சிவந்திருந்தது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்துவதுபோல் சத்தம்.

"என்னலே இது?" என்றான் ஜான்ரோஸ்.

"சேரு பிணங்கிட்டு மக்கா. நேத்து வெறவு பெறக்கப் போன எடத்துல, தெரியாம அதுக்க மூட்டுல ஒதுங்கிட்டேன்."

சேர் மரத்தின் பால் பட்டால் உடம்பு பொங்கிப்போகும். சிலருக்கு நிழலில் நின்றாலே போதும், வீங்கிவிடும். மரம் அவனோடு பிணங்கிவிட்டது என்பார்கள். அதற்கு ஊரில் ஒரு வழி உண்டு. தான்னி மரத்தை மூன்று தரம் சுற்றி வந்து கும்பிட்டு, அதன் இலையைப் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் குளித்துவிட்டு, மூன்று நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடக்க வேண்டும். எழுந்து நடக்க முடியாதவனுக்குப் பதிலாக, அவனோடு கூட நின்று தடி தொட்டவன் சுற்றினாலும் பலிக்கும்; பிணக்குத் தீராமல் செத்தவனுக்காகவும் அப்படிச் சுற்றுவது உண்டு. கண்டவர்கள் சிரிப்பார்கள், இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். சேர் பிணங்குவது யாருக்கும் வரக்கூடியது.

தான்னி நின்றது பாறைமேட்டில். சுயம்புவால் ஏற முடியவில்லை. ஜான்ரோஸ் தோள் கொடுத்து ஏற்றினான். சுயம்பு மூச்சு வாங்கிக்கொண்டே மரத்தைச் சுற்றினான். ஜான்ரோஸ் அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான் அவன் செய்தது. சொன்னதுபோல் சுயம்புவுக்கு எல்லாம் வற்றிப்போயிற்று. சிரித்துக்கொண்டு குழியில் இறங்கினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஜான்ரோசைக் கூப்பிட்டார். சபைக் கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"நீர் அந்த மரத்தைச் சுற்றினீரா?"

"சுத்தல்ல உவதேசியாரே. துண்டைப் பிடிச்சிட்டு நின்னேன்."

"அதை எதுக்கு நீர் பிடிச்சீர்?"

"கீழ வைக்கியதுக்கு எடமில்ல. பூரா ஆட்டுப்புழுக்க."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. கிறிஸ்துமஸ் வரைக்கும் திருவிருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் பெஞ்சாதி லீலாபாய் தனியாக எழுந்து போய் முழங்கால் போட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்பி வருவதைக் கடைசிப் பெஞ்சில் இருந்து பார்க்க வேண்டியதாயிற்று. விஷயம் கேள்விப்பட்ட சுயம்பு ஒரு குலை பேயன்பழத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

அதற்குப் பிறகும் சேர் அவனோடு பிணங்கிக்கொண்டே இருந்தது. "ஊர்ல நிக்கிய சேரெல்லாம் ஒனக்க மச்சினனாலே, எப்பப் பாத்தாலும் பிணங்குகதுக்கு?" என்று ஜான்ரோஸ் கேட்டதுண்டு. சுயம்பு சிரிப்பான். ஆனால் நாள் போகப் போக ஜான்ரோஸ் ஒன்றைக் கவனித்தான். தேக்கு அறுத்தால் ஒன்றுமில்லை. வேம்பு அறுத்தால் ஒன்றுமில்லை. மணவாளக்குறிச்சிக் கடப்புறத்துக்காரர்கள் வள்ளத்துக்கு அயனிப்பலாத் தடி கொண்டு இறக்கினால், அன்றைக்கு அந்திக்கே சுயம்புவின் கண் வீங்கும். மழைக்காலத்தில் தடி ஈரமாய் இருந்தால் பாதிதான் வீங்கும்.

ஒரு நாள் கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரத்தில் நேராகவே சொல்லிவிட்டான்.

"சுயம்பு, ஒனக்குப் பிணங்குகது சேரு இல்ல. அயனி."

சுயம்பு சட்டியிலிருந்து முகத்தைத் தூக்கவில்லை.

"எப்பம் கண்டுபிடிச்ச?"

"நீ எப்பம் கண்டுபிடிச்ச?"

"மொத நாளே."

ஜான்ரோஸ் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தான். "பொறவு எதுக்குலே அந்த மரத்தச் சுத்தின? என்னைய எதுக்குக் கொண்டுபோய் நிறுத்தின?"

"சுத்துனா மூணு நாளு குழியில எறங்காண்டாம் இல்லியா? பொடி இல்லேன்னா மூச்சு தானா வந்திரும். மரமா தீனத்தத் தீக்குது? வீட்டுல கெடக்கதுதான் தீக்குது. ஆனா சும்மா வீட்டுல கெடந்தா ஊரு என்னன்னு கேக்கும். இழுப்புன்னு சொல்லச் சொல்லுகியா?"

ஊர் எப்படிக் கேட்கும் என்று ஜான்ரோசுக்கும் தெரியும். சுயம்புவின் அப்பன் மூச்சிழுப்பில் செத்தவர். அவன் தங்கை நாகம்மைக்கு நிச்சயம் பண்ணின இடத்தில், இது இழுப்புக் குடும்பம், பிள்ளைக்குப் பிள்ளை வரும் என்று சொல்லி முறித்துவிட்டார்கள். அந்தப் பெண் நரைத்த தலையோடு இன்னும் அண்ணன் வீட்டில்தான் ஓலை முடைந்துகொண்டிருக்கிறாள். சுயம்புவுக்கும் ஒரே மகள், செல்லத்தாய். வளர்ந்துவிட்டாள்.

அன்றைக்கு முழுக்க ஜான்ரோஸ் பேசவில்லை. பேசாமல் அறுத்தால் வாள் கோட்டில் நிற்காது. மறுநாள் வந்ததும் ஒரு குடம் தண்ணீரைத் தடியின்மேல் ஊற்றினான். பொடி கொஞ்சம் அமர்ந்தது. அதற்கப்புறம் இரண்டு பேருமாய்த் தோன்றியதையெல்லாம் செய்து பார்த்தார்கள். நனைத்த துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டினான் சுயம்பு. ஆடாதோடை இலையை மென்று முகத்தைச் சுளித்தான். ஜான்ரோஸ் குழியில் இறங்கி, சுயம்புவை மேலே ஏற்றியும் பார்த்தான். சுயம்புவுக்குக் கோடு பார்க்கும் கண் இல்லை. பலகை வளைந்து வந்தது. "இதுல வள்ளம் செய்தா கரையச் சுத்தித்தான் வரும்" என்று கடப்புறத்துக்காரர்கள் சிரித்தார்கள்.

ஊமத்தை இலையை உலர்த்திப் புகை பிடித்தால்தான் நெஞ்சு திறந்தது. ஆனால் அந்தப் புகையை வீட்டில் போட முடியாது. வேலி தாண்டி வாடை போனால் இன்ன வீட்டில் இன்னாருக்கு இழுப்பு என்று அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும். குழியோரத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பிடிப்பான். வீட்டில் மூச்சு முட்டினால் தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு கிடப்பானாம். இதை அவன் பெஞ்சாதி சொர்ணம்மாள் பிற்பாடு லீலாபாயிடம் சொன்னாள்.

"அயனி வேண்டாம்னு சொல்லீருவோம்" என்றான் ஜான்ரோஸ்.

"பொறவு என்னத்த அறுப்ப? இந்த ஊர்ல வீட்டு நிலையும் அயனி, கடலுல போறதும் அயனி."

தமிழ்நாட்டோடு சேரப்போகிறோம் என்று ஊரெல்லாம் பேச்சாய் இருந்த வருசம், செல்லத்தாய்க்கு வடசேரியில் மாப்பிள்ளை அமைந்தது. சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் குடும்பம். சித்திரையில் கல்யாணம். பங்குனியில் ஒரு பட்டுப்போன அயனி வந்து சேர்ந்தது. நின்ற இடத்திலேயே காய்ந்த மரம். பொடி மாவாய்ப் பறந்தது. தண்ணீர் எவ்வளவு ஊற்றியும் குடித்துக்கொண்டே இருந்தது.

"இத விட்டுருவோம்லே."

"இதுதான் கடைசி மக்கா. கல்யாணம் முடிஞ்சா நான் கோழி வளக்கப் போறேன்."

"கோழியும் பிணங்கும் ஒனக்கு."

"பிணங்குனா அறுத்துத் தின்னுரலாம். இத அப்பிடிப் பண்ண முடியல்லியே."

உச்சி வெயில் நேரம். ஜான்ரோஸ் வாளைக் கீழே விட்டான். அது திரும்பி மேலே வரவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்து ஏசினான். பதில் இல்லை. குனிந்து பார்த்தால், பாளைத் தொப்பி தனியே கிடக்கிறது, சுயம்பு குழிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறான்.

தூக்கி மேலே போட்டு, ஓலைக்கொட்டகை நிழலில் மடியில் சாய்த்துவைத்தான். உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. தடிக்குச் சொந்தக்காரர் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி பிடிக்க ஓடினார். ஊமத்தை இலையைக் கொளுத்தி மூக்கருகே காட்டினான் ஜான்ரோஸ். புகையை உள்ளே இழுக்கக்கூடச் சுயம்புவுக்கு மூச்சு இல்லை. வண்டி வந்து சேர்ந்தபோது ஏற்றுவதற்கு ஆள் இல்லை, உடம்புதான் இருந்தது.

அதற்கு முன்னால் சுயம்பு ஜான்ரோசின் கையைப் பிடித்தான். பொடி அப்பிய கண்ணைத் திறக்க முடியாமல், ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வெளியே வைத்தான்.

"வடசேரிக்காரனுவ... வருவானுவ. என்ன தீனம்னு... கேப்பானுவ."

"நான் சொல்லுகேன், சேருன்னு. நீ பேசாதலே."

"சொன்னா... நம்பமாட்டானுவ. கண்டாத்தான்..." கோழிக்குஞ்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கையை இன்னும் இறுக்கினான். "கூடத் தடி தொட்டவன்... நீதானே மக்கா. இன்னைக்கு அந்திக்கு... நாலுபேரு பாக்க... எனக்காவ... நீ அந்தத் தான்னியச் சுத்தணும்."