வேறொரு குழந்தைக்குச் சொன்ன பதில்

முப்பத்திரண்டு வருடம் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். மனித உடலைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறித்துக் காட்டியிருக்கிறேன். அப்படியிருந்தும் குடலிறக்கம் ஆண்களுக்கு மட்டுமே வரும் என்று எழுபத்திரண்டு வயதுவரை நம்பியிருந்தேன்.

என் மகளுடைய மகளுக்கு அப்போது ஐந்து மாதம். திண்டுக்கல்லில் மகள் வீட்டில்தான் நானும் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். மகள் தனியார் பள்ளி ஆசிரியை. மருமகன் தொப்பம்பட்டிக்காரர்; ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். பகலில் குழந்தை என் பொறுப்பு. ஒரு நாள் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இங்க பாருங்க. தொடை இடுக்குல நெல்லிக்கா மாதிரி இருக்கு. அழுதா பெருசாகுது."

"பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன வரப்போகுது? நெறி கட்டியிருக்கும்."

"ஒரு வாரமாவா நெறி கட்டும்? படிச்ச மனுசன் பேசுற பேச்சா இது? நாளைக்கு அந்த மதுர டாக்டர் வர்ற நாள். எனக்குப் பரிச்ச டூட்டி. நீங்க காட்டிட்டு வந்துருங்க."

மதுரையிலிருந்து குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் எங்கள் ஊருக்கு வருவார். எனக்கு முன்னால் பாலசமுத்திரத்துப் பெண் ஒருத்தி, தொப்புள் பிதுங்கிய தன் மகனைக் காட்டிக்கொண்டிருந்தாள். அறைக் கதவு திறந்தே இருந்தது.

"பயப்படாதம்மா, தானா சரியாயிடும். ரெண்டு மூணு வயசு வரைக்கும் பொறுக்கலாம்."

"ஏனுங்க, அப்ப மேல காசு வச்சுக் கட்ட வேண்டாங்களா?"

"காச உண்டியல்ல போடு தாயி. வயித்துல கட்டாத."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தாள். எனக்கும் தைரியம் வந்தது.

எங்கள் முறை வந்தது. மருத்துவர் இரண்டு விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அய்யா, இது குடலிறக்கம். பெண் குழந்தைக்கும் வரும். ஆனா இங்க இறங்கியிருக்கிறது குடல் இல்ல, முட்டைப்பை. இது தானா சரியாகாது. யாரும் அமுக்கித் தள்ளவும் கூடாது. உள்ளேயே முறுக்கிக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னுடும். இந்த வாரமே ஆபரேஷன் பண்ணிடலாம்."

"மயக்க மருந்து கொடுத்தா?"

"கொடுத்துத்தான் அய்யா. அதுக்குன்னு டாக்டர் தனியா இருக்காரு."

ஆட்டோவில் திரும்பும்போது குழந்தை என் மடியில் தூங்கியது. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி ஒன்று என் கண்முன் வந்து நின்றது. அந்த முகத்துக்கு என் உள்ளங்கையே பெரிது. தூங்க வைத்த பிள்ளை எழுந்திருக்காவிட்டால்? வழி நெடுக அதன் மூக்கருகில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

"என்னப்பா சொன்னாரு?" என்று மகள் வாசலிலேயே கேட்டாள்.

"பயப்பட வேணாம்னாரு. தானா சரியாயிடுமாம். ரெண்டு மூணு வயசு வரைக்கும் பொறுக்கலாமாம்."

வேறொரு குழந்தையின் தொப்புளுக்குச் சொன்ன வார்த்தைகளை அப்படியே எடுத்து என் பேத்திக்கு வைத்துவிட்டேன். மகள் நிம்மதியாகச் சாப்பிடப் போனாள். அவளை அப்படிப் பார்த்தபின் பொய்யைத் திருத்தும் தைரியமும் எனக்குப் போய்விட்டது.

அதன்பின் மூன்று வாரம். குழந்தை அழும்போதெல்லாம் துணியை விலக்கிப் பார்ப்பேன். வீக்கம் அங்கேயே இருக்கும். மருத்துவர் வரும் நாள் இரண்டு முறை வந்து போனது. இரண்டாவது முறை குழந்தைக்குச் சட்டை போட்டு, ஆட்டோவைக்கூட நிறுத்திவிட்டேன். "எங்க போகணும் பெருசு?" என்று ஓட்டுநர் கேட்டார். "வேணாம்ப்பா, நீ போ" என்று அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த மதியம், குழந்தை வீறிட்டது. குடித்த பாலெல்லாம் கக்கியது. துணியை விலக்கினேன். வீக்கம் சிவந்து, கல்லாக இருந்தது.

ஊரிலிருந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியிலிருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். முன்பே யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டார்.

"காட்டினோம் மேடம். தானா சரியாயிடும்னு சொன்னாங்களாம்" என்றாள் மகள்.

"இதையா?" என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். "குடல் மாட்டியிருக்கும் போல. மெதுவா உள்ள தள்ளிப் பார்க்கிறேன், பிள்ளையப் பிடிச்சுக்கங்க."

அவர் அமுக்கினார். குழந்தையின் அழுகை பாதியில் நின்று, முகம் கறுத்து, பிறகு மூச்சு வந்தது. அமுக்கக் கூடாது என்று தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். சொன்னால் மகளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அவர் மறுபடி அமுக்கினார். அந்தச் சில நொடிகளில் குழந்தையைவிட மகளின் முகத்துக்கே நான் அதிகம் பயந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. மூன்று முறை என்று என் கணக்கு. நான்கு என்று மகள் பிற்பாடு சொன்னாள்.

"அமுக்காதீங்கம்மா" என்றேன். "அது குடல் இல்ல. முட்டைப்பை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வாரத்துக்கு முன்னாடி டாக்டர் சொன்னாரு. உடனே ஆபரேஷன் பண்ணணும்னாரு. நான்தான் வீட்ல மாத்திச் சொல்லிட்டேன்."

மகள் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் காலைப் பிடித்திருந்த என் கையை எடுத்துவிட்டு, தான் பிடித்துக்கொண்டாள்.

மதுரைக்கு அனுப்பினார்கள். மருமகன் காரை ஓட்டினார். கொடைரோடு சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோதுதான் வாய் திறந்தார்.

"ஏனுங்க மாமா, எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே."

அந்த நேரத்திலும் அவர் 'ங்க' போட்டுப் பேசியதை என்னால் தாங்க முடியவில்லை. பின் இருக்கையில் குழந்தை அழுவதை நிறுத்தி முனகத் தொடங்கியிருந்தது. அழுகையைவிட அந்த முனகல் பயங்கரமாக இருந்தது.

மதுரையில் அதே மருத்துவர். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வரச் சொன்னேனே அய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிப் போனார். கதவு மூடியது. நான் எந்த முகமூடிக்குப் பயந்தேனோ, அதைத்தான் அங்கே உள்ளே வைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால், பாலைக் கக்காத, நன்றாகத் தூங்கிய பிள்ளைக்கு வைத்திருப்பார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

"குழந்தை நல்லா இருக்கு" என்றார் வெளியே வந்து. "இடது முட்டைப்பை முறுக்கிக் கறுத்துப்போயிருந்தது, எடுக்க வேண்டியதாயிடுச்சு. இன்னொண்ணு நல்லா இருக்கு. பின்னால பிள்ளை பெத்துக்க அது போதும்."

அன்றே கொண்டுவந்திருந்தால் என்று கேட்டேன். "காப்பாத்தியிருக்கலாம்" என்றார். இன்று அமுக்கியதால் கெட்டதா என்று கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாது அய்யா."

மகள் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள், குழந்தையின் துணியை மடித்தபடி, "இவளுக்கு விவரம் தெரியிற வயசு வர்றப்ப இதச் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றாள். சரி என்றேன்.

இப்போது பேத்திக்கு நான்கு வயது. போன மாதம் குளித்துவிட்டு வந்து தழும்பைக் காட்டி, "தாத்தா, இது என்ன கோடு?" என்று கேட்டாள். "டாக்டர் போட்ட கோடு" என்றேன். "எதுக்குப் போட்டாரு?" என்றாள். நான் பதில் தேடுவதற்குள் ஈரத் தலையோடு ஓடிவிட்டாள்.

அவளுக்கு இது புரியும் வயது வருவதற்குள் எனக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டிவிடும். அதுவரை இருக்க மாட்டேனோ என்ற பயத்தில்தான் இதை எழுதி மகளிடம் கொடுக்கிறேன். இருந்துவிடுவேனோ என்றும் சில நாள் பயமாக இருக்கிறது.