மூணு தட்டு, அப்புறம் ஒண்ணு

என் மேசையில் ஒரு சுத்தியல் இருக்கிறது. கைக்கு அடக்கமான சின்னச் சுத்தியல். பிடி வழுக்காமல் இருக்க சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருக்கிறது. ட்யூபின் ஓரம் ஒரு இடத்தில் கட்டைவிரல் பட்டுப் பட்டு மழமழவென்று தேய்ந்திருக்கிறது. ஒளியிழை ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் சுத்தியலுக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். பேப்பர் பறக்காமல் இருக்க என்று சொல்லிவிடுவேன். ஜன்னலே திறக்காத ஏசி அறையில் எந்தப் பேப்பர் பறக்கிறது என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. படித்தவர்கள் சொன்னதை நம்பிவிடுவார்கள்.

அது எங்கள் ஜாயின்ட்டருடையது. கேபிள் அறுந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, வெட்டி, மெஷினில் வைத்து உருக்கி ஒட்டுகிறவர். தலைமுடி கனம்தான் இருக்கும் ஒவ்வொரு இழையும். கேபிளுக்காகச் சாலையோரத்தில் கட்டிய, மூடி போட்ட குழிக்குப் பக்கத்தில் ஒரு குடையை விரித்து, அதன் நிழலில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவர் அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் தரையை உலுக்கிக்கொண்டு போகும். அவர் கை மட்டும் அசையாது. லாரி வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாராம், அதுதான் ரகசியமாம். வயதில் என்னைவிட ஒன்றிரண்டு குறைவாக இருப்பார். ராயபுரத்துக்காரர். நான் பெரம்பூரில் ரயில்வே தொழிற்சாலைச் சங்கு கேட்டு வளர்ந்தவள். அதனால் அவர் பேச்சு எனக்குப் புதிதில்லை. ஆனாலும் அவருக்கு நான் கடைசிவரை மேடம்தான்.

எங்கள் வேலையை அவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை சாலையை ஒட்டி எண்ணெய்க் குழாய் போகிறது. அதன் பக்கத்திலேயே தகவல் தொடர்புக்காகப் போட்ட கேபிள். அதில் உபயோகிக்காமல் சும்மா கிடந்த ஓர் இழையை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். இழைக்குள் ஒளியை அனுப்பினால் வழிநெடுக ஒவ்வோர் இடத்திலிருந்தும் துளித்துளியாகக் கொஞ்சம் திரும்பி வரும். தரை அதிர்ந்தால் அந்த இடத்திலிருந்து திரும்பும் ஒளி மாறும். குழாய்ப் பக்கம் யாராவது பள்ளம் தோண்டினால், கடப்பாரை குழாயில் படுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட வேண்டும். அதுதான் ஆராய்ச்சி. இதையெல்லாம் அரைமணி நேரம் விளக்கினேன். அவர் காதைக் குடைந்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அப்ப கம்பிக்கு காது கீதுன்றீங்க."

"ஆமா."

"வாய் கீதா?"

"இல்ல."

"அப்ப நல்ல கம்பிதான் மேடம். வூட்ல வச்சுக்கலாம்."

ஒருநாள் திருவொற்றியூரில் மாடியில் இருந்த எங்கள் அறைக்கு வந்தார். திரையில் புறநகர் ரயில் ஒரு தடித்த சாய்கோடாகப் போவதைக் காட்டினேன். லாரிகள் மெல்லிய கோடுகள். பிறகு முந்தின நாள் அவர் குழியிலிருந்து குழிக்கு நடந்த தடத்தைக் காட்டினேன். புள்ளிபுள்ளியாக இருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதான் என் நடையா? குட்சிட்டு போறவன் மாதிரி கீது," என்றார். "இத எங்க வூட்ல காட்டிடாதீங்க, பேஜாராப் பூடும்." நான் சிரிக்காததைப் பார்த்து, "லைட்டு படிச்சவங்க, மூஞ்சி மட்டும் எப்பவும் டிம்மாவே கீது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் போனபின் தனியாகச் சிரித்தேன். அவர் எதிரிலேயே சிரித்திருக்கலாம்.

குழிக்குள் இறங்கினால் போன் எடுக்காது. அதற்கு வழி கண்டுபிடித்தவரும் அவர்தான். இறங்கியதும் சுவரில் சுத்தியலால் தட்டுவார். மூணு தட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ஒண்ணு. வேலை முடிந்து ஏறும் முன்பும் அதே மாதிரி. கேபிள் அதைப் பிடித்து என் திரைக்குக் கொண்டுவந்துவிடும். "போன் எடுக்காத எடத்துல கம்பி எடுக்கும்," என்பார். எனக்கும் அது பழகிவிட்டது. தட்டு வந்தால் மணியைக் குறித்துக்கொள்வேன். அவர் பத்திரமாக இருக்கிறார் என்று அதற்குப் பொருள் என்பதை நான் யோசித்ததே இல்லை. வேலை ஆரம்பம், வேலை முடிவு, அவ்வளவுதான் எனக்கு.

ஒருமுறை தட்டு வந்த இடம் வரைபடத்தோடு பொருந்தவில்லை. பதினைந்து மீட்டர் தள்ளிக் காட்டியது. கேட்டபோது அலட்சியமாகச் சொன்னார்.

"ஒவ்வொரு குழிலயும் பதினஞ்சு மீட்டர் சுத்தி லூப்பு வுட்டுக்கிறேன் மேடம். நாளைக்கு அறுந்தா எவனாவது வந்து ஒட்டணும்ல, இழுக்க கம்பி வோணாமா? ரோட்ட அளந்தா கம்பிய அளந்த மாதிரி ஆவாது."

எத்தனையோ பேர் குறைவாக விட்டுவிட்டுக் கணக்கில் அதிகம் எழுதும் ஊரில், இவர் நாளை வரப்போகும் யாரோ ஒருவருக்காக அதிகம் விட்டிருந்தார். வரைபடத்தில் அது இல்லை. ஒளிக்குச் சாலை தெரியாது, இழைதான் தெரியும். ஒவ்வொரு குழியையும் கடக்கும்போது அந்தச் சுருளுக்குள்ளும் ஓடிவிட்டுத்தான் போகும். குழிக்குப் பதினைந்து மீட்டர் என்று ஒரு மஞ்சள் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். மென்பொருளில் ஏற்ற ஐந்து நிமிடம் போதும். கட்டுரை அனுப்ப வேண்டியிருந்தது, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். அந்தத் தாள் மூன்று வாரம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று அவர் ஐந்தாவது குழிக்குப் போனார். இரண்டு பேராகப் போக வேண்டும் என்பது விதி. கூட வரவேண்டியவரை ஒப்பந்தக்காரர் வேறு தடத்துக்கு அனுப்பிவிட்டதாகக் காலையிலேயே போனில் சொன்னார். "நா பாத்துக்கிறேன் மேடம்," என்றார். சரி என்று சொன்னது நான்தான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றிருந்தன. பக்கத்தில் மழைநீர் வடிகாலுக்காக ஒரு வாரமாகக் கான்கிரீட் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் திரையை நாறடித்து, நிமிடத்துக்கு ஒரு பொய் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் திரையில் அந்தப் பகுதியை மட்டும் மறைத்து வைத்திருந்தேன். வரைபடப்படி அது ஐந்தாவது குழியிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி இருந்தது. நான்கு குழிகளின் லூப், நாலு பதினைந்து அறுபது. பள்ளிப் பிள்ளை போடும் கணக்கு. ஐந்தாவது குழியும், அதை ஒட்டி நடந்த வடிகால் வேலையும், இரண்டுமே நான் மறைத்து வைத்த பகுதிக்குள்தான் இருந்தன. நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் வெறும் சாலை மட்டுமே இருந்தது.

பன்னிரண்டரைக்கு மேலாகியும் தட்டு வரவில்லை. போன் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. குரல் செய்தி ஒன்று அனுப்பினேன். "இன்னும் இறங்கலையா? டீ குடிச்சது போதும், சீக்கிரம் தட்டுங்க, எனக்கு வேற வேலை இருக்கு." பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, திரைக்கு எதிரிலேயே உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்பதுகூட இன்றுவரை மறக்கவில்லை.

அவர் உள்ளே இறங்கியிருந்த நேரத்தில் லாரி வரிசை நகர்ந்திருக்கிறது. இடம் பிடிக்க ஒரு ட்ரெய்லர் சாலையை விட்டு ஓரத்தில் ஏறி, பாதி திறந்திருந்த மூடியை முழுக்கத் தள்ளி அடைத்துவிட்டுக் குழிமேலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் கவனிக்கவில்லை. வடிகால் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். குழிக்குள் காற்று ஏற்கெனவே கெட்டுப்போயிருந்ததாம். சாயங்காலம் வரிசை நகர்ந்தபின், காலையிலிருந்து ஒரே இடத்தில் நிற்கும் மொபெட்டையும் அதன்மேல் தொங்கிய ஹெல்மெட்டையும் பார்த்துச் சந்தேகப்பட்டு மூடியை நகர்த்தியவர்கள் அந்த வடிகால் ஆட்கள்தான்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து, தகரக் கதவு. அவர் மனைவி கோயில் பள்ளிக்கூடத்தில் ஆயா. அழுது முடித்து வறண்டுபோன முகம். கணவரின் போனைச் சார்ஜ் போட்டபோது என் குரல் செய்தி வந்து விழுந்திருக்கிறது. அவர் அதைக் கேட்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தட்டச் சொல்லிக்கிறீங்களே, தட்னாரா?"

"இல்லை," என்றேன்.

அன்று அது பொய்யில்லை. மறுநாள் அது பொய்யாகிவிட்டது. எங்கள் பதிவுகள் மலைபோலச் சேரும் என்பதால் பழையதை அவ்வப்போது அழித்துவிடுவோம். அழிக்கும் முன் அந்த நாளைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று தெரியாது. கை தானாக மறைப்பை எடுத்துவிட்டது. வடிகால் வேலை நின்றுபோன மதிய இடைவேளையில், சுத்தமான கறுப்புத் திரையில், மூணு தட்டு, அப்புறம் ஒண்ணு. மறுபடி மூணு, ஒண்ணு. நாற்பது நிமிடத்துக்கு மேல். முதலில் பலமாக, அவசரமாக. பிறகு இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. கடைசியில் மூணு மட்டும் இருக்கிறது. ஒண்ணு வரவே இல்லை.

அந்தக் குழியிலிருந்து என் அறைக்கு ஒளி வந்து சேர, ஒரு நொடியை ஆயிரமாக உடைத்தால் கிடைக்கும் ஒரு துண்டுகூட ஆகாது. அதை இன்னும் வேகமாக்கத்தான் எங்களைப் போன்றவர்கள் உலகம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறோம். அவர் தட்டிய ஒவ்வொரு தட்டும் அந்தக் கணமே என் மேசைக்கு வந்து நின்றது. எனக்குக் கேட்க நாலு நாள் ஆனது. விசாரணைக்கு வந்தவர்கள் லாரி ஓட்டுநரை விசாரித்தார்கள், ஒப்பந்தக்காரரை விசாரித்தார்கள், என் போனை வாங்கிப் பார்த்தார்கள். கேபிளை யாரும் விசாரிக்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை. பயந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன், அதைவிட அந்தத் தகரக் கதவுக்குப் பயந்தேன். குழியிலிருந்து எடுத்த கருவிகளோடு சுத்தியலும் எங்கள் அறைக்கு வந்தது. வேறு யாரும் தொடுவதற்கு முன் அதை எடுத்து இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். அந்த நாளின் பதிவை மட்டும் அழிக்காமல் என் மடிக்கணினியில் வைத்திருந்தேன்.

இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் யாராவது கதவைத் தட்டினால் எண்ணிக்கொண்டிருந்தேன். குக்கர் விசிலை எண்ணினேன். மூன்றுக்குப் பிறகு வரும் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். பிறகு ஒரு கல்லறைத் திருநாள் அன்று, காசிமேட்டுக் கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கூட்டம் கலைந்த பிறகு, மடிக்கணினியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக்குப் போனேன்.

அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் தாள், நாலு பதினைந்து, மறைத்து வைத்தது, எலுமிச்சை சாதம் வரைக்கும். முடித்ததும், "அது கேக்குமா?" என்றார். அதிர்வைச் சத்தமாக மாற்றிப் போட முடியும். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், அந்த உரிமை எனக்கில்லை என்று தோன்றியது. போட்டேன். தண்ணீருக்கடியில் யாரோ தட்டுவது போலக் கேட்டது. முதல் மூணும் ஒண்ணும் முடிந்ததுமே அவர் தலையைத் திருப்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

"இது எங்க வூட்டுக் கதவ தட்றது," என்றார். "கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இப்பிடித்தான் தட்டுவாரு. மூணு தட்டிட்டு நிப்பாரு. நா வந்துகினு கீறேன்னு தெரிஞ்சப்புறம் ஒண்ணு தட்டுவாரு."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"ரெண்டு வருசமா அவுரு மேல கோவமா இருந்தேன். தட்டக்கூட தட்டாம பூட்டாரேன்னு." மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். "உங்கள நல்லா திட்டணும்னு கீது மேடம். வாய் நாறத் திட்டணும். இன்னிக்கு வோணாம். இன்னொரு தபா போடுங்க."

நாற்பது நிமிடமும் கேட்டார். கடைசி மூணு வந்து நின்றதும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தார். வெளியே சந்தில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சுத்தியலை நீட்டினேன். கட்டைவிரல் தேய்த்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். "இத நீங்க வச்சுக்குங்க. கண்ணு முன்னாடியே கெடக்கட்டும்," என்றார். அது கொடையா தண்டனையா என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தவர் சொன்னார்: "இன்னொரு நாளு வந்தா கதவ மட்டும் தட்டாதீங்க. பேரச் சொல்லிக் கூப்டுங்க."

எனக்கு அவர் பெயர் தெரியாது. என் போனில் 'ஜாயின்ட்டர் ஒய்ஃப்' என்றுதான் இருந்தது. அந்த வாசலில் நின்று, வெட்கத்தோடு, உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். அன்றிலிருந்து போகும்போதெல்லாம் சந்து முனையிலேயே நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். திட்டுவதாகச் சொன்னதையும் அவர் மறக்கவில்லை, அடுத்த முறையே திட்டித் தீர்த்தார்.

மறைத்து வைத்ததை அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தேன். இப்போது லூப் எல்லாம் கணக்கில் ஏறிவிட்டது. எவ்வளவு சத்தம் வந்தாலும் திரையில் எந்தப் பகுதியையும் யாரும் மறைப்பதில்லை. இரண்டு பேர் இல்லாமல் ஒருவரையும் குழிக்கு அனுப்ப மாட்டேன். இறங்குகிறவர்கள் தட்டுகிறார்கள், அவரவர் இஷ்டத்துக்குத் தட்டட்டும் என்று விட்டிருக்கிறேன். சுத்தியல் இழுப்பறையிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. மதியம் அறையில் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு ஐந்தாவது குழி இருக்கும் இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். கடைசி மூணுக்கு ஒரு தட்டு பாக்கி இருக்கிறது. சில நாள் சுத்தியலை எடுத்து மேசை விளிம்பில் அந்த ஒன்றை நானே தட்டலாமா என்று தோன்றும். கையில் எடுப்பேன். உள்ளேயிருந்து ஆள் வருவது தெரிந்த பிறகுதானே அவர் அந்த ஒன்றைத் தட்டுவார். திரும்ப வைத்துவிடுவேன்.