மாம்பழ மஞ்சளும் ஒரு மெரூன் தீமும்

வெப்சைட் செய்து பிழைப்பவனுக்குத் தொழில் தெரிந்தால் மட்டும் போதாது, காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமும் கேட்பவரிடம் சிரித்துப் பேசவும் தெரிய வேண்டும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரெடிமேட்

திருப்பதியில் எங்கள் ஆபீசுக்கு வந்த வேலை அது. சித்தூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்கு வெப்சைட். விவசாயி போனிலேயே முறை போட்டு, அந்த நேரத்துக்கு டிராக்டரைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டில் வரிசையில் நின்றே பழம் அழுகிவிடும். சீசனுக்குள் முடிக்காவிட்டால் வேலை சென்னைக் கம்பெனிக்குப் போய்விடும்.

காம்போனென்ட் லைப்ரரி போடலாம் என்றேன். பட்டன், பெட்டி, கேலண்டர் எல்லாம் தயாராகவே கிடைக்கும். தீம் ஃபைலில் ஓரிடத்தில் நிறத்தை மாற்றினால் எல்லாப் பக்கமும் மாறிவிடும். கூட வேலை செய்யும் வடமாலபேட்டை கஸ்தூரிக்கு எதையும் தன் கையால் எழுதினால்தான் திருப்தி. அவள் சொன்னாள்: "ரெடிமேட் சட்ட போட்டுக்கினு மாப்பிள்ளைன்னு போய் உக்காந்தா, பொண்ணு வூட்டுல கண்டுபுடிச்சிருவாங்க."

எந்தக் கட்சி?

மாம்பழ மஞ்சளில் செய்து காட்டினோம். ஃபேக்டரி முதலாளி முனிரத்தினத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் ஊரில் சுவருக்குப் பெயின்ட் அடித்தாலே எந்தக் கட்சி என்று கேட்பார்கள். மஞ்சள் ஒரு கட்சிக்கு, நீலமும் பச்சையும் இன்னொரு கட்சிக்கு. சிவப்புக்கும் ஆள் இருக்கிறது. அவர் டீ குடித்து முடிப்பதற்குள் அத்தனை நிறத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி, மெரூனில் கொண்டுவந்து நிறுத்தினேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ சுளுவா மாறுதுன்னா நல்லதா போச்சி தம்பி. எலெக்ஷன் முடியட்டும், யாரு வந்தாங்கன்னு பாத்து இன்னொரு வாட்டி மாத்திக்கலாம்."

ஒன்று மட்டும்

ஃபேக்டரி கேட்டில் விவசாயிகளின் போனில் திறந்து காட்டும் நாள். கடைசிப் பக்கத்தை முந்தின நாள் முடித்தது கஸ்தூரி. தீமை நம்பி நான் அதைப் பார்க்கக்கூட இல்லை. திறந்தால் எல்லாம் மெரூன், 'முறை போடு' பட்டன் மட்டும் பளிச்சென்று மஞ்சள். அந்த ஒன்றை அவள் கையால் எழுதி, நிறத்தையும் அதிலேயே பதித்துவிட்டிருந்தாள். தீம் அதைத் தொடவே தொடாது. வேலை போச்சு என்றே நினைத்தேன். உடனே மாற்றச் சொன்னார் முனிரத்தினம்.

நான் லேப்டாப்பைத் திறப்பதற்குள் கேட்டில் நின்றவர்கள் யாரையும் கேட்காமல் முறை போட்டு முடித்துவிட்டார்கள். கார்வேட்டிநகரத்துப் பெரியவர் ஒருவர் போனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடி எடுத்தாரல சார், எழுத்து ஒண்ணும் தெரியல. மஞ்சளா இருந்துச்சி, அமுத்தினேன். காலைல எட்டு மணின்னு வந்துக்கினு கீது" என்றார்.

என் லேப்டாப்பை முனிரத்தினமே மூடினார்: "கட்சிக்காரங்க கேட்டா, அது பழத்தோட நெறம்னு நான் சொல்லிக்கிறேன். அத மட்டும் மாத்தாதீங்க."

வேலை எங்களிடமே நின்றது, லைப்ரரியின் பெருமையை இப்போதும் எல்லோரிடமும் அடித்துப் பேசுகிறேன், கஸ்தூரி ரூமில் இல்லாத நேரமாகப் பார்த்து.