அம்மா பிடித்த லீவர்

அப்போது எங்கள் வீட்டில் நான்தான் தபால்காரி. அய்யாவும் அம்மாவும் பேச்சை நிறுத்தி நாலு நாள் ஆகியிருந்தது. "சோறு ஆறுதுன்னு உங்கய்யாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. அய்யா மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் சொல்வேன். "வாரேன்னு சொல்லு" என்பார். அதையும் சொல்வேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு அது பெரிய உத்தியோகம்.

கமுதியில் அம்மாவின் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. வருகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்த அய்யா, கண்மாயில் மண் அள்ளும் வேலை முடியவில்லை என்று வராமல் இருந்துவிட்டார். அய்யா ஓட்டியது லோடர். முன்னால் இரண்டு இரும்புக் கைகளும், அவற்றின் நுனியில் மண் வாரும் பெரிய பக்கெட்டும் உள்ள வண்டி. காதுகுத்து முடிந்து வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அந்த வண்டிக்கடியிலயே நசுங்கிச் சாவுங்க. அன்னைக்குத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். அதற்குப் பிறகுதான் நான் தபாலில் சேர்ந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் தொண்டியிலிருந்து லாரியில் புதுப் பக்கெட் வந்தது. வீட்டுக்கு எதிரே பொட்டலில் நின்ற வண்டியிலிருந்து பழையதைக் கழற்ற வேண்டும். இரும்புக் கைகளோடு அதைச் சேர்த்துப் பிடித்திருந்தவை, ஆணிபோல் குறுக்கே செருகிய இரண்டு இரும்புப் பின்கள். ஒவ்வொன்றும் என் கால் தடிமன். வலதுபக்கத்தது சம்மட்டிக்கு வந்துவிட்டது. இடதுபக்கத்தது உப்புக்காற்றில் துருவேறி, அசைவேனா என்றது. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், மாறி மாறி அடித்தார்கள், லாரி டிரைவரின் சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

"பாரமெல்லாம் அதுமேல உக்காந்திருக்கு. கையை ஒரு நூல் தூக்கினாத்தான் விடும்" என்று சொல்லி, அய்யா ஒரு கம்பியோடும் சம்மட்டியோடும் இரும்புக் கைகளுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். மேலே சீட்டில் உட்கார்ந்து யாராவது லீவரை மெல்ல இழுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் அந்தப் பின் மறுபடி இறுகும். தவறி எதிர்ப்பக்கம் தள்ளினால் கை இறங்கி அய்யாவின் நெஞ்சில் உட்காரும்.

"நான் இழுக்குறேண்ணே" என்றார் லாரி டிரைவர்.

அய்யா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏத்தா, உங்கம்மாவ வரச்சொல்லு."

அந்தத் தபாலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்த அம்மா கையைக் கழுவிவிட்டு வந்தாள். சேலையை இழுத்துச் செருகி மேலே ஏறினாள். எந்த லீவர் என்று லாரி டிரைவர் காட்டிக் கொடுத்தார். இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது; அய்யா விரலை உயர்த்தித்தான் ஜாடை காட்டினார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதுகுத்து முடிந்து வந்த அன்று அம்மா கேட்டது நடக்கப் போகிறது. போதாக்குறைக்குக் கூப்பிட்டு வந்தது நான். யாரிடம் போய்ச் சொல்வேன்? எங்கம்மா எங்கய்யாவைக் கொல்லப்போகுது என்று லாரி டிரைவரிடமா? முதல் அடி விழுந்தது. இரண்டாவது விழுந்தது. இரும்புக் கை லேசாகக் குலுங்கியது. அம்மாவின் உதடு கோணிக்கொண்டு போனது. கோபம் என்றே நினைத்தேன்.

ஓடிப்போய் அய்யாவின் வயிற்றின்மேல் குப்புற விழுந்தேன். என்மேல் போடமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை.

அம்மா எப்போது லீவரை விட்டாள், எப்படி இறங்கினாள், தெரியாது. முதுகில் விழுந்த அறைதான் தெரியும். தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் லாரி டிரைவர் கையில் என்னை ஒப்படைத்தாள்.

"புள்ளைய அடிக்காத" என்று அடியிலிருந்து அய்யா கத்தினார்.

"நீங்க பேசாமப் படுங்க!" என்றாள் அம்மா. தபால் இல்லாமலே.

மறுபடி ஏறி உட்கார்ந்தாள். அய்யா நாலைந்து அடி போட்டதும் அந்தப் பின் நழுவி மண்ணில் விழுந்தது. இரும்புக் கை நின்ற இடத்திலேயே நின்றது. அய்யா ஊர்ந்து வெளியே வந்த பிறகும் அம்மா லீவரை விடவில்லை. அவர்தான் மேலேறி, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

அய்யாவைக் காப்பாற்றியவள் நான்தான் என்று வெகுகாலம் எனக்குப் பெருமை. கல்யாணமாகி, நானும் வாய்க்கு வந்ததைப் பேசக் கற்றுக்கொண்ட பிறகு ஒருநாள், "அன்னைக்கு நீ போட்டுருவேன்னு பயந்துட்டேம்மா" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கும் அந்தப் பயந்தாண்டி" என்றாள். "சொன்ன வாயில்ல? பலிச்சிருமோன்னுதான் லீவர அப்பிடி இறுக்கிப் புடிச்சேன். அந்த மனுசன் மட்டுந்தான் பயப்படாம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு."