பெண் வீட்டுக்காரன் ஆடிய கோல்ஃப்

உலகப் போட்டிகள் நடக்கும் கோல்ஃப் மைதானம் ஒன்றில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கொங்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மைதானத்தில் வெயில் காலம் வந்தால் புல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஆசை பினாங்கில் நிறைவேறியது. ஆனால் நான் மோசமாக ஆட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

நிபந்தனை போட்டவள் என் மனைவி. சுற்றுலா என்று சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறினோம். உண்மையில் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தோம். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள், கூட வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். பையனின் வீடு பினாங்கில், சிம்பாங் அம்பாட் என்ற ஊரில். முந்தின நாள் அங்கே போனோம். இலை நிறையப் பரிமாறினார்கள், சிரிக்கச் சிரிக்கப் பேசினார்கள். நிச்சயத்துக்குத் தேதி என்று நான் வாயெடுத்தால் மட்டும் பையனின் அப்பா, "பாக்கலாம்லா" என்று பேச்சை மாற்றினார். கிளம்பும்போது, "நீங்களும் கோல்ஃப் ஆடுவீங்களாமே, அண்ணே? நாளைக்கு வாங்க, நல்ல மைதானம் ஒண்ணு இருக்கு" என்றார். இது அழைப்பா, பரீட்சையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

காலையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் தேநீர் குடிக்கும்போது மனைவி சொன்னாள்: "பொண்ணக் குடுக்கறவங்க நாம. அவருகிட்ட ஜெயிச்சுட்டு வந்து நிக்காதீங்க." நான் தலையாட்டினேன். என் அப்பாவும் மாமனாரும் அப்படித்தான் இருந்தார்கள். பெண் வீட்டுக்காரன் பந்தியில் கடைசியாக உட்காருவான், சீட்டாட்டத்தில்கூடக் கை தாழ்த்திக்கொள்வான். எனக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மைதானத்தைப் பார்த்ததும் மிதிக்கவே கூச்சமாக இருந்தது. படுக்கை விரித்த மாதிரிப் பச்சை. பையனின் அப்பா வருவதற்குள் பயிற்சித் திடலில் பந்துகளைப் போட்டுக் குழியில் உருட்டிப் பார்த்தேன். கை அன்றைக்குப் பொன்னாக இருந்தது, போட்டதெல்லாம் உள்ளே விழுந்தது. இப்படி ஒரு கை வாய்த்த நாளில் தோற்கப்போகிறோமே என்று எரிச்சலாக வந்தது.

அவர் காலணியெல்லாம் மாட்டிக்கொண்டு கார் பக்கமிருந்து வந்து, "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று விசாரித்தார். பக்கி என்கிற சின்ன வண்டியில் இருவரும் ஏறினோம்.

முதல் பாதி முழுவதும் தோற்கப் பாடுபட்டேன். நன்றாக ஆடுவதைவிட அது சிரமம். பந்தை மரத்தடிக்கு அனுப்பினேன், மணலில் இறக்கினேன், குழிக்குப் பக்கத்தில் வந்தால் கையைத் திருப்பி வெளியே உருட்டினேன். நட்பு ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் பந்து குழிக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றால், 'எடுத்துக்குங்க' என்று சொல்லிவிடலாம். அடிக்காமலே அது விழுந்த கணக்கு. நான் அவர் பந்து எங்கே நின்றாலும் "எடுத்துக்குங்க சார்" என்றேன். ஒரு தடவை அவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே ஓர் ஆள் படுத்துக்கொள்ளலாம். அப்போதும் சொன்னேன். அவர் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. மலைப்பக்கம் மேகம் கறுத்தது. எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரியவில்லை.

பாதி ஆட்டம் முடிந்ததும் ஒரு கூரைக்கடையில் வண்டியை நிறுத்தினார். இரண்டு தே ஓ வாங்கிவந்து, பாலில்லாத அந்த டீயை என் முன்னால் வைத்தார்.

"காலைல நீங்க பழகிக்கிட்டு இருந்தப்ப, நான் காடில ஒக்காந்து சப்பாத்து மாட்டிக்கிட்டே பாத்தேன் அண்ணே. ஒரு பந்துகூட வெளிய போகல. இப்ப ஒண்ணுகூட உள்ள போகல. என்னைய மடையன்னு நெனச்சிட்டீங்களா?"

பதறி எழுந்தேன். "ஐயோ, இல்லீங்க சார்..."

"பொண்ணப் பத்தி நேத்து சொன்னீங்களே, அதெல்லாமும் இப்படித்தானா? மரியாதைக்குச் சொன்னதா?"

பயந்துபோனேன். மகள் முகம்தான் கண்ணில் வந்தது. எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன். "பொண்ணு வீட்டுக்காரனுங்க நான். உங்களை ஜெயிச்சுட்டா நீங்க வேண்டாம்னுடுவீங்களோன்னு..."

அவர் சிரிக்கவில்லை. குவளையைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்.

"நானும் ரெண்டு பொண்ணுங்களக் கட்டிக் குடுத்தவன்தான். குனிஞ்சு குனிஞ்சு முதுகே போச்சு. நேத்து என் வீட்ல நீங்க எதுக்கெடுத்தாலும் தலையாட்டிக்கிட்டு இருந்தீங்க. எனக்கு என்னையவே பாத்த மாதிரி இருந்துச்சு. அதான் நீங்க கேட்டப்ப வாய்ல தேதி வரல." எழுந்து தொப்பியை மாட்டினார். "இதுவரைக்கும் ஆடினது செல்லாது. இனிமே ஒழுங்கா ஆடுங்க. இல்லன்னா காடிய எடுத்துட்டு வீட்டுக்குப் போலாம்லா."

அதன் பிறகு ஆடினேன் பாருங்கள், அதுதான் ஆட்டம். மானம் போன கோபம், பயம், அந்தப் பச்சை எல்லாம் சேர்ந்து பந்து பறந்தது. அவரும் சளைத்தவரில்லை. நான் ஒரு குழி எடுத்தால் அடுத்ததை அவர் பறித்தார். நல்ல அடி விழுந்தால் சந்தோஷம் வரும், கூடவே இவர் சொன்னது மெய்தானா, தான் தோற்றால் மனசு மாறிவிடுவாரா என்ற திகிலும் வரும். இரண்டும் மாறி மாறிப் பிடுங்கின.

கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். தூரத்தில் இடி உறுமியது. நீண்ட தூரத்திலிருந்து நான் உருட்டிய பந்து, போகுமோ போகாதோ என்று விளிம்பில் நின்று யோசித்து, விழுந்தது. அவருக்கு ஒரு சின்ன அடி பாக்கி. அது விழுந்தால் சமம், விழாவிட்டால் நான் ஜெயித்தவன். பந்து குழிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'எடுத்துக்குங்க' என்ற சொல் தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன்.

அவர் அடித்தார். பந்து குழியின் ஓரத்தைத் தொட்டு விலகிப் போனது.

"அலாமாக்!" என்று அலுத்துக்கொண்டு மட்டையைத் தொடையில் தட்டினார். அந்த நேரம் பார்த்து மின்னல் எச்சரிக்கைச் சங்கு அலறியது. மழை எங்களைத் துரத்த, வண்டியை விரட்டிக்கொண்டு மைதானத்து கிளப் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் அவர் பாதையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஈரச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். மனைவியிடம் என்ன சொல்வது, மகளிடம் என்ன சொல்வது என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அவர் கைப்பேசியை எடுத்துத் தன் மனைவியை அழைத்தார். "ஆ, நான்தான். ஐயர்கிட்ட தேதி பாக்கச் சொல்லு. தை மாசத்துலயே பாக்கச் சொல்லு." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"சம்பந்தி," என்றார். "யாரு ஜெயிச்சான்னு கேக்குறா. நான்தான்னு சொல்லிக்கட்டுமா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எடுத்துக்குங்க, சம்பந்தி" என்றேன்.